பரஸ்தானத்தில் போன பாஸ்போர்ட்

1

தம்பி கல்யாணத்துக்கு நன்னிலம் போயிருந்தபோது, பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேட்டது ஒரே கேள்விதான். "ஏண்டி தனம், உன் வீடு சிங்கப்பூர்ல. புருஷன், பிள்ளைங்க எல்லாம் அங்க. உன் வீட்டுக்கு நீ திரும்பிப் போறதுக்கு எவன்கிட்டயோ எதுக்குச் சீட்டு வாங்கணும்?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இலையில் உட்கார்ந்த பிறகு யாருக்குச் சிங்கப்பூர் ஞாபகம் இருக்கும்? அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இந்தச் சிங்கப்பூர் தனி நாடாகிப் போன வருஷத்துக்கு அடுத்த வருஷம் எல்லோருக்கும் புது அடையாள அட்டை கொடுத்தார்கள். குடிமக்களுக்கு ஒரு நிறம், என்னைப் போன்றவர்களுக்கு நீலம். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் குடிமகன். இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள், அவர்களும் குடிமக்கள். நான் மட்டும் நிரந்தரவாசி. ஒரே பானையில் சாப்பிட்டாலும் சர்க்கார் கணக்கில் நான் தனி.

நிரந்தரவாசி என்றால் இங்கே நிரந்தரமாக இருக்கலாம். அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆனால் கப்பலேறி வெளியே போனால், திரும்ப உள்ளே வர மறுநுழைவு அனுமதி வேண்டும். அதற்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் வந்தால் நான் ஓவன் ரோட்டுத் தனலட்சுமி. கெடு தாண்டினால் துறைமுகத்தில் வந்து நிற்கும் யாரோ ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான்.

பாவம் என்று உச்சுக் கொட்ட வேண்டாம். எனக்கு அந்த நீல அட்டையில் பெருமைதான். ஐம்பதுகளின் நடுவில் நான் முதன்முதல் இங்கே வந்து இறங்கியபோது, காகிதங்களில் 'இன்னாரின் மனைவி' என்று ஒரு வரியாகத்தான் இருந்தேன். இந்தத் தடவை அனுமதிக்கு மனுப் போட்டபோது, தொழில் என்ற இடத்தில் 'தையல், சொந்தத் தொழில்' என்று எழுதினார்கள். கைநாட்டா கையெழுத்தா என்று கேட்டார்கள். தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டு வந்தேன். ஃபேரர் பார்க் திடலில் விளையாடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய சீருடை என் மிஷினில் தைத்தது. அந்தக் கோட்டை இழுக்க எனக்கு உரிமை உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

2

எனக்குக் கூடப் பிறந்தவன் கோவிந்தன் ஒருவன்தான். அப்பா அம்மா இல்லை. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற முடிச்சுகளை நாத்தனார் போட வேண்டும். அதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. 'அக்கா வராமல் தாலியைக் கையில் எடுக்க மாட்டேன்' என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். ஊரை விட்டு வந்த பிறகு நானும் ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. போய் ஒரு மாதமாவது தங்கி, புதுப்பெண்ணோடு பழகி, அம்மா இருந்தால் செய்திருப்பதையெல்லாம் செய்துவிட்டு வரவேண்டும் என்று மனசு துடித்தது.

கல்யாணம் முதலில் ஆனியில் என்றார்கள். அதை நம்பி அனுமதி வாங்கினேன். பிறகு பெண் வீட்டார் ஆவணிக் கடைசிக்குத் தள்ளினார்கள். கப்பல் சீட்டை மாற்றினேன், பைகளை மாற்றினேன், பெண்ணுக்கு எடுத்த சேலையின் நிறத்தைக்கூட மாற்றினேன். அனுமதியின் கெடுவைப் பற்றி எனக்கும் தோன்றவில்லை, என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. அவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். ஊரில் உள்ளவர்கள் கையில் இருக்கும் டிக்கெட்டையெல்லாம் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறவர் என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வரவில்லை. மல்லிகாவுக்கு அக்டோபரில் ஆறாம் வகுப்புப் பரீட்சை. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவளே சொன்னாள். "அங்க வந்து நான் யாரோட பேசுறது மா? என் தமிழைக் கேட்டா அவங்க சிரிப்பாங்க. யூ கோ லா. ஐ ஆம் ஓகே." அவள் படிப்பது ஆங்கிலப் பள்ளிக்கூடம். பாடப் புத்தகத்தை நான் தலைகீழாகப் பிடித்தாலும் எனக்கு ஒன்றுதான். அவள் பரீட்சைக்கு நான் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். வலித்தது. ஆனால் அந்தப் பெண் ஆங்கிலத்தில் மடமடவென்று படிக்கும்போது மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறவளும் நான்தான்.

3

கப்பல் கிளம்பும் நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. போதாததற்கு அஷ்டமி. என் வீட்டுக்காரருக்குப் பஞ்சாங்கம் இல்லாமல் பஸ்கூட நகராது. கப்பலின் நாளை மாற்ற அவரால் முடியாது. அதனால் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார்.

இந்த வழக்கம் இப்போது நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறதோ தெரியாது. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் நல்ல நேரம் பார்த்து, பயணச் சாமானில் கொஞ்சத்தை மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு என்றைக்குப் போனாலும் தோஷமில்லை, போகிற வழியில் மூட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. வைத்த மூட்டை வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. வந்தால் பயணம் முறிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் மஞ்சள் துணியில் மூட்டை கட்டினார். கல்யாணச் சேலை, மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய். கட்டியவர் சும்மா இருந்திருக்கலாம். பயணம் என்றால் பாஸ்போர்ட் அல்லவா முக்கியம், அது போனால்தானே பயணம் போனதாக அர்த்தம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டையும் அதில் செருகியிருந்த மறுநுழைவு அனுமதியையும் சேலை மடிப்புக்குள் வைத்து, எதிர்வீட்டு ஆரோக்கியமேரி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மேரி அக்கா வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவள். "பஞ்சாங்கமெல்லாம் எனக்குத் தெரியாது தனம், ஆனா உன் மூட்டை எங்க மாதா காவல்ல இருக்கு" என்று சொல்லி, மாதா படத்துக்குக் கீழே வைத்து மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. கப்பல் சீட்டை வாங்கிவர நான் ஏஜெண்டு ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா, பதிவின்போது குறித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, நீங்க திரும்பி வர்ற கப்பல் இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே உங்க பெர்மிட் முடிஞ்சிடுது லா."

"அப்ப என்ன பண்றது?"

"ஈஸி லா. அதுக்கு முந்தின கப்பல்ல வந்துடுங்க."

அவருக்கு ஈஸிதான். முந்தின கப்பல் நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்புவது கல்யாணம் முடிந்த அதே வாரத்தில். பன்னிரண்டு வருஷம் கழித்துப் போகிறவள், பந்தலைப் பிரிக்கும்போதே நானும் பெட்டியைக் கட்ட வேண்டுமா? முடியாது என்றேன். அப்படியானால் திங்கட்கிழமையே எம்ப்ரஸ் பிளேஸில் உள்ள குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்க் கெடுவை நீட்டித்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் கையில் இருக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். இரண்டும் இல்லை.

4

அன்று மாலை எங்கள் வீட்டில் நடந்ததைப் போர் என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்னங்க, பாஸ்போர்ட்டை யாராவது தேங்காயோட மூட்டை கட்டுவாங்களா?"

"பயணத்துக்கு உள்ளதைத்தானே வைக்கணும்? உன் அரைச்ச மசாலாவையா வைப்பாங்க?"

"சரி, போய் எடுத்துட்டு வாங்க."

"வச்ச பரஸ்தானத்தைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு வர்றதா? தனம், வேற எது வேணும்னாலும் சொல்லு. அது மட்டும் முடியாது."

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கடைசியில் குனிந்த தலையோடு, "நீ நல்லபடியா போய்த் திரும்பி வரணும். அதுக்குத்தான் வச்சேன்" என்றார். அந்த வார்த்தைக்கு மேல் என்னத்தைக் கத்துவது? எதிர்வீட்டுக்குப் போய் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். கல்யாணத்துக்குப் போனால் தம்பியோடு பேசி முடிப்பதற்குள் ஓடிவர வேண்டும். ஓடிவரத் தவறினால் என் பிள்ளைகளிடம் வர முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு சாத்திக்கொண்டிருந்தது.

மேரி அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"மூட்டை வீட்டுக்குத் திரும்பக் கூடாது, அவ்வளவுதானே?"

"ஆமாக்கா."

"இமிகிரேஷன் ஆபீஸ் எந்தப் பக்கம் இருக்கு? ஆத்தோரமா, கடல் பக்கம். கப்பல் எந்தப் பக்கம்? அதுவும் கடல் பக்கம். மூட்டை முன்னாடி போகட்டுமே, யார் வேணாம்னா? அப்படியே தஞ்சோங் பாகர்ல என் தம்பி குவாட்டர்ஸ்ல வச்சிடுவோம். துறைமுகம் அவன் வாசல்ல இருக்கு."

நான் ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தை எடுத்தார், கண்ணாடியை மாட்டினார், நெடுநேரம் யோசித்தார். "முன்னாடி போறதுல தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். "ஆனா பிரிச்சு எடுக்காம, மூட்டையோட போங்க."

திங்கட்கிழமை காலை நானும் மேரி அக்காவும் மஞ்சள் மூட்டையோடு பஸ் ஏறினோம். காத்திருக்க வேண்டியிருக்குமே என்று, ஓரம் மடிக்க வேண்டிய ஒரு சீருடையையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். அலுவலகத்தில் உயரமான கூரை, பெரிய பெரிய தூண்கள். வரிசையில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லோரும் அவரவர் காகிதங்களோடு நின்றார்கள். மூட்டையோடு நின்றது நாங்கள் மட்டும்தான்.

முகப்பு மேசையில் இருந்தவர் மலாய்க்காரர், கொஞ்சம் வயதானவர். பாஸ்போர்ட் கேட்டார். நான் மூட்டையை முகப்பு மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். முதலில் வெளியே வந்தது தேங்காய். அது உருண்டு அவருடைய மைப்பெட்டியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மேரி அக்கா மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

என் மலாய் தேக்கா பாசாரில் மீன் வாங்கியும், துணிக்கடைகளில் பேரம் பேசியும் கற்றுக்கொண்டது. இலக்கணம் இருக்காது, ஆனால் எங்கேயும் நின்றுபோகாது. பயணம் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டது, நான்தான் இன்னும் கிளம்பவில்லை என்று பரஸ்தானத்தை எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அவர் தேங்காயை எடுத்து, உடைந்துவிடாமல் பத்திரமாக என் பக்கம் திருப்பி வைத்தார்.

"முந்தின கப்பலில் வந்துவிடலாமே?"

"துவான்," என்று மலாய் மரியாதையோடு கூப்பிட்டேன். "உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்ட கை காய்வதற்குள் உங்கள் அக்காவைக் கப்பலேற்றி அனுப்புவீர்களா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு தாள்களைப் புரட்டினார். "கணவர் குடிமகன். பிள்ளைகளும் குடிமக்கள். நீங்களும் குடிமகளாகப் பதிந்துகொண்டிருக்கலாமே? இந்தத் தொல்லையே இருக்காதே."

பலரும் கேட்கிற கேள்விதான். பதிந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுவிட வேண்டும். தம்பி வீட்டுக்குப் போக நான் எவரிடமும் அனுமதி கேட்கக் கூடாது என்று இத்தனை வருஷமும் ஒரு பிடிவாதம். அந்த வாசலைத் தட்டாமல் நுழைய வேண்டும் என்பதற்காக இந்த வாசலில் தட்டிக்கொண்டு நிற்கிறேன். அதை மலாயில் சொல்ல எனக்கு வராது. "எனக்குத் தம்பி ஒருவன்தான், துவான்" என்றேன்.

"பிள்ளைகள் உங்களோடு வருகிறார்களா?"

"இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது. மகளுக்குப் பரீட்சை."

"பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டா போகிறீர்கள்?"

"அதனால்தான் திரும்பி வரும் வழியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்" என்றேன். அப்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து முகப்பில்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்கு வழக்கமாகச் சில நாட்கள் ஆகும் என்றார். கப்பல் நாளைக்கு என்றேன். அவர் எழுந்து உள்ளே மேலதிகாரியிடம் போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து சீருடையின் ஓரத்தை மடித்துத் தைத்தேன். மேரி அக்கா ஜெபமாலையை உருட்டினாள். தையல் முடிந்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தபோது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

புது முத்திரை, புதுக் கெடு. ஊரில் ஒரு மாதத்துக்கு மேலேயே இருந்துவிட்டு வரலாம். "தனலட்சுமி" என்று அந்த மனிதர் என் பெயரைத் தடுக்காமல் வாசித்து, பெறுபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். இந்தத் தடவையும் கோட்டை விடவில்லை.

மூட்டையை மறுபடி கட்டித் தஞ்சோங் பாகரில் வைத்துவிட்டுக் கோப்பி குடித்தோம். செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்வதற்கு முன்பே என் பயணம் துறைமுகத்து வாசலில் காத்திருந்தது.

5

முடிச்சைப் போட்டேன். கொஞ்சம் இறுக்கியே போட்டுவிட்டேன், அவிழவே அவிழாது. கோவிந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஓமப் புகை என்று சொன்னான். நான் நம்பவில்லை.

புதுப்பெண் சரோஜா கெட்டிக்காரி. வந்த மறுநாளே அடுப்படி அவள் கைக்குப் போய்விட்டது. நான் காய் நறுக்க உட்கார்ந்தால் "நீங்க ஓய்வா இருங்க அண்ணி" என்று கத்தியை வாங்கிக்கொள்வாள். எனக்குத் தனிப் பாய், தனி டம்ளர், வெந்நீர். ஒருவரும் என்மேல் குறை வைக்கவில்லை. விருந்தாளியை எப்படி நடத்த வேண்டுமோ அப்படி நடத்தினார்கள்.

சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு சும்மா இருக்கிறதா? மல்லிகா இந்நேரம் தலையைப் பின்னிக்கொண்டாளா? இவர் அவளுக்கு நேரத்தோடு பசியாறக் கொடுத்தாரா? அவள் ஆங்கிலத்தில் சத்தம் போட்டுப் படிப்பாளே, அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? பரீட்சைக்கு நான் இருந்தென்ன என்று நினைத்தேன் அல்லவா? இருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். இல்லாவிட்டால் எனக்குத்தான் தாங்காது என்பது நன்னிலம் போன பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது கோவிந்தனிடம் சொன்னேன். "தம்பி, நான் முன் கப்பல்லயே போயிடறேன்."

"என்னக்கா இது? சண்டை போட்டுக் கெடு வாங்கிட்டு வந்தேன்னு நேத்துதானே எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சே?"

"ஆமா, வாங்கினேன். அதுக்காக இருந்தே தீரணுமா?"

அவன் முகம் வாடிவிட்டது. ஆனாலும் நாகப்பட்டினம் போய்ச் சீட்டை மாற்றிக்கொண்டு வந்தான். அந்தக் கப்பல் கிளம்பும் நாளும் உருப்படியான நாள் இல்லை. எனக்கு வீட்டுக்காரர் முகம் நினைவுக்கு வந்தது. சரோஜாவைக் கூப்பிட்டு, பரஸ்தானம் வைக்க ஒரு நல்ல நேரம் பார்க்கச் சொன்னேன். அவள் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி, பரஸ்தானம் வீட்டை விட்டுக் கிளம்புறவங்களுக்குத்தானே வைப்பாங்க? நீங்க வீட்டுக்குல்ல போறீங்க."

அந்தப் பெண் வெள்ளை மனசோடுதான் சொன்னாள். நான் 'ஆமாம்' என்றேன். பிறகு கொல்லைப் பக்கம் போய், துணி காயப்போடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

6

சிங்கப்பூரில் கப்பல் கரை தட்டியபோது காலை வெயில் ஏறியிருந்தது. கட்டை வேலிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் குடையோடு நின்றார். பக்கத்தில் மல்லிகா பள்ளிச் சீருடையில், கையை ஆட்டிக்கொண்டு. மகன் வேலியில் ஏறி நின்றான். இந்தப் பக்கம் நான், நடுவில் குடியேற்ற அதிகாரியின் மேசை.

மேசையில் இருந்தது ஒரு தமிழ்ப் பையன். பாஸ்போர்ட்டைப் பிரித்தார், அனுமதியைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"என்னம்மா, புதுசா நீட்டிச்சு வாங்கியிருக்கீங்க. ஆனா பழைய தேதியே இன்னும் முடியலையே. இந்த நீட்டிப்பு உங்களுக்குத் தேவையே படலை லா. இதுக்கா போய் லைன்ல நின்னீங்க?"

"ஆமா தம்பி" என்றேன். "அது இல்லாம வந்திருந்தா, கெடு முடியுதேன்னு பயந்து ஓடி வந்திருப்பேன். அது கையில இருந்ததனாலதான் எங்க வீட்டுக்கு நானா வந்தேன்."

அவர் முத்திரையைக் குத்தி, மை காய்வதற்கு ஒருமுறை ஊதிவிட்டு, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.